சுருக்காத குரல்

பெருமாள்ராஜ் அந்த மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் பைக்கை நிறுத்தியபோது காலை ஒன்பதரை மணி. ஐப்பசி மழை தச்சநல்லூரிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் அவனோடு கூடவே வந்திருந்தது. தான் நனைந்தாலும் போகிறது என்று மழைக்கோட்டைக் கழற்றி, புது மோடம் இருந்த அட்டைப்பெட்டிக்குப் போர்த்தியிருந்தான். இருபது வருஷமாக அவனுக்கு டெலிபோன் வேலை. முதல் பாதி செம்புக் கம்பியோடு போயிற்று. இப்போது தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. இரண்டுமே அவனுக்குச் சோறு போட்டன. அதற்கு மேல் அவற்றைப் பற்றி அவன் யோசித்தது கிடையாது.

அன்றைய வேலைச் சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஐந்து டெலிபோன், ஒரு ஃபேக்ஸ் மெஷின். எல்லாவற்றையும் பழைய கம்பியிலிருந்து கழற்றி மோடத்தின் முதுகில் மாட்ட வேண்டும். நம்பர் மாறாது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பழைய லைன் நின்றுவிடும். நின்றால் நின்றதுதான், திரும்ப வராது.

மேனேஜர் கிருபைராஜ் வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. எங்க வீட்டுப் பிள்ளைக ரெண்டு வருஷமா ஃபைபர்ல படம் பாக்குதுக. இங்கன நாங்க இன்னும் வெள்ளைக்காரன் வச்சிட்டுப் போன மணியைக் கட்டிக்கிட்டு அழுதோம். அதை முதல்ல தூக்குங்க. புது போன் அஞ்சு வாங்கியாச்சு. அமுக்கக்கூட வேண்டாம், தொட்டாப் போதும்."

"தொட்டாப் போதும்னா, எதைத் தொட்டேன்னு எனக்கு யாரு சார் சொல்லுவா?" என்று வரவேற்பு அறையின் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

கிருபைராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

குரலுக்குச் சொந்தக்காரி லில்லி. நாற்பத்தைந்து வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் ஆப்பரேட்டர். அவள் மேசையில் கறுப்பாய், அம்மிக்கல் கனத்தில், வட்டமான சுழற்றும் டயலோடு ஒரு டெலிபோன் இருந்தது. அவள் அதன் துளைகளுக்குள் விரல்களை விட்டு வைத்திருந்தாள். பேசும்போதுகூட எடுக்கவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவைப்போல இருந்தது, பெருமாள்ராஜுக்கு.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி. நீங்க உங்க வேலையைப் பாருங்க. மாட்ட முடியாதுன்னா எடுத்துருங்க. நான் பழகிக்கிடுவேன்" என்றாள்.

அவன் எடுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. சுழற்றும் டெலிபோன் நம்பரைத் தட்டித் தட்டிச் சொல்லும். புது மோடம் இசைபோன்ற ஒலிக்குத்தான் காது கொடுக்கும். இரண்டுக்கும் பேச்சு ஒத்துவராது. ஆனால் மோடத்தின் அமைப்புகளுக்குள் எங்கோ ஓர் இடத்தில் இதற்கு வழி இருக்கும் என்று அவனுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. மடிக்கணினியைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினான். குரலைச் சுருக்குவது, எதிரொலியை அடக்குவது என்று என்னென்னவோ பக்கங்கள் வந்தன. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் அது கிடைத்தது. ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டதும், கறுப்பு டெலிபோன் தட்டிச் சொன்ன நம்பரை மோடம் புரிந்துகொண்டது.

அடுத்து மணியில் ஒரு சிக்கல். வார்டுகளில் இருந்த நான்கு பழைய போன்களையும் லில்லியின் போனோடு சேர்த்து மாட்டிப் பார்த்தான். தொண்டை கட்டியவன் கனைப்பதுபோல எல்லாம் 'கிர்' என்றனவே தவிர, ஒன்றும் அடிக்கவில்லை. உள்ளங்கை அகலப் பெட்டிக்கு ஐந்து மணியை அடிக்கத் தெம்பு ஏது? வார்டுகளுக்குக் கிருபைராஜ் வாங்கிய புது போன்களை வைத்தான். லில்லியின் மணிக்கு மட்டும் இப்போது முழுத் தெம்பும் கிடைத்தது. கணீர் என்று அடித்தது.

லில்லி சிரித்துவிட்டாள். "எப்பா! சர்ச்சு மணி கணக்கா இருக்கு."

"இதுக்குப் போயி ஒரு மணி நேரமா வே?" என்றார், எட்டிப் பார்த்த கிருபைராஜ். ஐந்தாவது புது போனை அட்டைப்பெட்டிக்குள் திருப்பி வைத்தபடி, "இருக்கட்டும் சார்" என்றான் பெருமாள்ராஜ்.

கடைசியாக ஃபேக்ஸ். லில்லியின் மேசைக்குப் பக்கத்துப் பலகையில், பழுப்பேறிய மெஷின்.

"இதை இன்னுமா வச்சிருக்கிய? இந்தக் காலத்துல ஃபேக்ஸ் யாரு அனுப்புதாக்கா?"

"மலை அனுப்புது" என்றாள் லில்லி.

மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையில், இதே மிஷனுக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. சந்தனமாரி என்ற நர்ஸ், ஓர் இ.சி.ஜி. மெஷின், ஒரு டெலிபோன், ஒரு ஃபேக்ஸ். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. அங்கே செல்போன் எடுக்காது. ஒரு படம் அனுப்ப வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கீழே இறங்கி, ஒரு வளைவில் நின்று, போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். யாருக்காவது நெஞ்சு வலித்தால் சந்தனமாரி இ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளை ஃபேக்ஸில் வைப்பாள். பாளையங்கோட்டையில் டாக்டர் ரீபா பார்த்துச் சொல்வார்.

அதிலும் லில்லிக்கு ஒரு முறை இருந்தது. சந்தனமாரி முதலில் போனில் பேசுவாள். லில்லி "ஸ்தோத்திரம்" என்பாள். அவள் "கும்புடுதேன்க்கா" என்பாள். பிறகு "விடுதேன்" என்று சொல்லிவிட்டு அங்கே பட்டனை அழுத்துவாள். லில்லி இங்கே மெஷின் பட்டனை அழுத்திவிட்டு, ரிசீவரை உடனே வைக்காமல், பேசும் முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு மெஷினும் பேசிக்கொள்ளும் அந்தக் கீச்சும் இரைச்சலும் அவளுக்கு மனப்பாடம். ஒத்துப்போய்விட்டன என்று தெரிந்த பிறகுதான், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல ரிசீவரைப் பைய வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிறவள் அவள்.

"பன்னெண்டு வருஷமா ஒரு தாளும் தப்பினதில்ல அண்ணாச்சி" என்றாள்.

"இனிமேலும் தப்பாது. போன் பேசுச்சுன்னா ஃபேக்ஸும் பேசும். ரெண்டும் ஒரே கம்பிதானே" என்றான் பெருமாள்ராஜ். அப்படித்தான் அவன் நம்பினான்.

பன்னிரண்டு மணிக்குப் பழைய லைன் நின்றது. பன்னிரண்டு பத்துக்குப் புது லைனில் மலையைக் கூப்பிட்டார்கள். சந்தனமாரி பேசினாள், மழையைப் பற்றி, காலில் ஏறும் அட்டையைப் பற்றி, புது லைனுக்கு ஸ்வீட் எங்கே என்பதைப் பற்றி. லில்லி ரிசீவரைக் காதில் வைத்துக் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது.

"குரல் தெளிவா இருக்காக்கா?" என்று பெருமாள்ராஜ் கேட்டான். சீட்டில் அப்படி ஒரு கேள்வி உண்டு.

லில்லி ரிசீவரை வைத்தாள். நனைந்த சட்டையோடு ஒருவர் தனக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார். அவர் குரலில் இப்போது எவ்வளவு சந்தோஷம்! அதைப் போய் எதற்குக் கெடுக்க வேண்டும்? "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றாள். சீட்டின் கீழே, அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

அதோடு விடவில்லை. "சாப்பிடாமப் போகக் கூடாது" என்று தன் டிபன் டப்பாவைத் திறந்து, புளிச்சோற்றையும் தேங்காய்த் துவையலையும் பாதியாகப் பிரித்துக் கொடுத்தாள். மழையும் விடவில்லை. இரண்டரை மணிக்கு அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கறுப்பு டெலிபோனின் மணி அடித்தது.

"ஸ்தோத்திரம்" என்றாள் லில்லி.

மறுமுனையில் கும்பிடு வரவில்லை.

"லில்லிக்கா, டாக்டரைக் கூப்பிடுங்க. நம்ம முத்துமாலை மாமா வந்திருக்காவ. காலையிலிருந்தே நெஞ்சு எரியுதாம். வேர்த்துக் கொட்டுது. கேஸுதான், சோடா குடு, சோடா குடுன்னு உயிரை வாங்குதாவ. எனக்கு என்னமோ கேஸு மாதிரி தெரியல. இ.சி.ஜி. எடுத்துட்டேன். விடுதேன்."

முத்துமாலை மலையில் செக்போஸ்ட் காவல்காரர். ஐம்பத்தாறு வயது. லில்லி மெஷின் பட்டனை அழுத்தினாள். உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். பெருமாள்ராஜ் பையின் வாரை மாட்டியபடி நின்றான்.

மெஷின் கீச்சிட்டது. இரைந்தது. நின்றது. மறுபடியும் இரைந்தது. நின்றது. ஆறு முறை அப்படி. பிறகு 'பீப்' என்று ஒரு சத்தம். தாள் அசையவே இல்லை.

மறுபடியும் மணி. "போச்சாக்கா?" "வரலையே சந்தனம். திரும்ப விடு."

திரும்பவும் ஆறு முறை. திரும்பவும் பீப்.

அதற்குள் டாக்டர் ரீபா இன்டர்காமில் செய்தி கேட்டு மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தார். மூன்றாவது தடவை சந்தனமாரி கூப்பிட்டபோது ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"வாயால சொல்லும்மா. கோடு எப்படி இருக்கு?"

"தூக்கிட்டு நிக்கிற மாதிரிதான் இருக்கு டாக்டர். ஆனா நம்ம மெஷின்ல எல்லாருக்குமே கொஞ்சம் தூக்கித்தானே நிக்கும்? எனக்குச் சொல்லத் தெரியல டாக்டர்."

டாக்டர் ரீபா கண்களை மூடித் திறந்தார். பெருமாள்ராஜ் பக்கம் திரும்பி, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோலச் சொன்னார். "இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்ணு அங்கே ஃப்ரிட்ஜில் இருக்கு. இது அடைப்புன்னா இப்பவே போடணும். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் இருதயம் கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கிட்டு இருக்கும். அடைப்பு இல்லைன்னா, அந்த ஊசியே உள்ளே இரத்தத்தைக் கசிய வச்சு ஆளைக் கொன்னுடும். பார்க்காம நான் சொல்ல முடியாது. ஜீப்பில் இறக்கினா, இந்த மழையில் மூணு மணி நேரம்."

பெருமாள்ராஜுக்குக் காது சுட்டது. காலை வரை தவறாமல் வந்த லைன். அவன்தான் அறுத்தான். 'போன் பேசுச்சுன்னா ஃபேக்ஸும் பேசும்' என்று அவன்தான் சொன்னான். சொன்னவன் ஒரு தாள், ஒரே ஒரு தாள், அனுப்பிப் பார்க்கச் சொல்லவில்லை. மோடத்தின் முன் குத்தவைத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

"அண்ணாச்சி" என்றாள் லில்லி. "ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியளே?"

"சொல்லுங்கக்கா."

"மத்தியானம் நீங்க கேட்டிய, குரல் தெளிவா இருக்கான்னு. நான் நல்லா இருக்குன்னுட்டேன். அது பொய்." அவள் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. "சந்தனம் குரல் அவ குரல் மாதிரியே இல்ல. சொல்லு எல்லாம் கேக்கு. ஆனா அவ 'ச'ன்னு சொல்லும்போது பல்லுல காத்து உரசுமே, அது இல்ல. மூச்சு இல்ல. முகத்தை அழுத்தித் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. இப்ப ஃபேக்ஸ் பாடும்போதும் அதேதான். நம்ம மெஷின் குரல் முழுசா இருக்கு. மலையிலிருந்து வாற குரல்தான் ஓரமெல்லாம் மழுங்கி வருது. முதல்ல வேகமா ஒரு இரைச்சல் போடும். நம்ம மெஷின் புரியலன்னு சொல்லுது. கொஞ்சம் மெதுவாப் போடுது. இன்னும் புரியலன்னு சொல்லுது. ஆறு தரம் கெஞ்சிப் பாத்துட்டு விட்டுருது. நீங்க எனக்காக இவ்வளவு பாடுபட்டிய, போயி எப்படிக் குறை சொல்லன்னு இருந்துட்டேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்."

பெருமாள்ராஜ் கையிலிருந்த கம்பியை விட்டான். 'ஓரமெல்லாம் மழுங்கி.' காலையில் சுழற்றும் டெலிபோனுக்காகப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது வேண்டாம் என்று தள்ளிய ஒரு பக்கம் அப்படியே கண்முன் வந்து நின்றது.

மோடம் குரலை அப்படியே அனுப்புவதில்லை. இடத்தை மிச்சம்பிடிக்கச் சுருக்கும்; எதிர்முனையிலிருந்து வருவதையும் சுருக்கித்தான் வாங்கும். மனிதக் காது எதைக் கவனிக்காதோ, அதையெல்லாம் உதிர்த்துவிட்டு மிச்சத்தை அனுப்பும். மனிதர்களுக்கு அது போதும். விட்டுப்போனதை மனசு நிரப்பிக்கொள்ளும். ஃபேக்ஸ் மெஷினுக்கு மனசு ஏது? அதற்கு ஒவ்வோர் உரசலும் ஓர் எழுத்து. உதிர்த்துவிட்டால் போயிற்று. இருபது வருஷ வேலையில் அளவுக் கருவிகளை வைத்தும் அவன் கண்டுபிடிக்காததை, இந்த அம்மாள் ஒரு நர்ஸின் மூச்சுச் சத்தத்தில் பிடித்திருக்கிறாள்.

"சந்தனமாரி சிஸ்டரை அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடச் சொல்லுங்க டாக்டர்" என்றான்.

மடிக்கணினியைத் தரையில் வைத்து மண்டியிட்டான். ஈர விரல் வழுக்கியது. அந்தப் பக்கம் வந்தது. குரல் அனுப்பும் வழிகளின் வரிசையில் சுருக்கும் வழி முதலில் இருந்தது. சுருக்காத வழி இரண்டாவதாக இருந்தது. இரண்டாவதை மேலே ஏற்றினான். அதுமட்டும்தான் மாற்றம். சேமித்ததும் மோடம் தன்னை அணைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியின் எல்லா போனும் அந்த நிமிஷம் ஊமை.

"பெட்டி இருட்டாப் போச்சாண்ணாச்சி?" என்றாள் லில்லி.

"ஆமாக்கா. திரும்ப எழும்ப ரெண்டு நிமிஷம் ஆகும்."

"எத்தனை விளக்கு வரணும்?"

"நாலு."

"வர வரச் சொல்லுங்க."

லில்லி உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். டாக்டர் ரீபா சுவரில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெருமாள்ராஜ் அந்த வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். நெல்லையப்பா என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டான். எத்தனை நூறு வீடுகளில் இந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டி, காசு வாங்கி, திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறான்!

"ஒண்ணு வந்துட்டுக்கா."

"ம்."

"ரெண்டு… மூணு."

மழை ஓடுகளில் அடித்துக்கொண்டிருந்தது. நான்காவது விளக்கு மின்னியது, அணைந்தது, மின்னியது. பிறகு அணையாமல் நின்றது.

"நாலு!" என்றான். அதே மூச்சில் கறுப்பு டெலிபோன் கணீர் என்று அடித்தது.

லில்லி எடுத்தாள். அவள் முகம் விரிந்தது. "சந்தனம்! இது உன் குரல்டீ! விடு, விடு!"

பட்டனை அழுத்தினாள். உள்ளங்கையால் பொத்தினாள். கண் தெரியாதவர்களுக்குத் தெருவைச் சொல்லிக்கொண்டே நடப்பார்களே, அப்படி இப்போது அவள் மற்ற இருவருக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மலை கூப்பிடுது… நம்ம ஆளு நீளமா ஒரு கீச்சு விட்டாச்சு… யாரு நீன்னு கேக்குதான்… மலை சொல்லுது… இப்ப இரைச்சல் வருது. நல்லா வருது, ஓரம் மழுங்கல…" மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "சரின்னுட்டான்! முதல் தரத்திலேயே சரின்னுட்டான்!"

ரிசீவரைப் பைய வைத்தாள்.

தாள் அசைந்தது.

பெருமாள்ராஜ் மெஷின் மேல் குனிந்தான். வெதுவெதுப்பான தாள், ஒரு விரல் அகலம், இரண்டு விரல் அகலம் என்று வெளியே வந்தது. சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டங்களின் மேல் ஒரு கோடு. கோடு எழும்பியது, இறங்கியது, நடந்தது, மறுபடி எழும்பியது. அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், மேகத்துக்குள் கிடக்கிற ஒரு மலையில், சோடா கேட்டுச் சண்டை போடுகிற ஒரு மனிதரின் நெஞ்சு. அது சத்தமாகி, கம்பியில் ஓடி, டெலிபோன் டவருக்கு டவர் தாவி, பாளையங்கோட்டைத் தெருவுக்கடியில் வெளிச்சமாக மாறி, முடி கனத்துக் கண்ணாடிக்குள் ஓடி வந்து, காலையில் அவன் நான்கு திருகாணி போட்டு மாட்டிய பெட்டியில் மறுபடி சத்தமாகி, இதோ மறுபடி ஒரு நெஞ்சாக அவன் கண்முன் துடித்துக்கொண்டு வருகிறது. ஒரு துடிப்புகூட வழியில் உதிரவில்லை. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் எந்த வேலை செய்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை, ஏன் என்று தெரியாமலே, அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் ரீபா தாளைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று எண்ணும் நேரம். "அடைப்புதான்" என்றார். லில்லி அதற்குள் டயலைச் சுழற்றி மலையைப் பிடித்திருந்தாள். "சந்தனமாரி, ஊசியை எடு. நான் சொல்லச் சொல்லப் போடு. பயப்படாதே, நான் லைனில்தான் இருக்கேன்."

நாற்பது நிமிஷம் டாக்டர் லைனைவிட்டு நகரவில்லை. வலி குறைந்ததும் முத்துமாலையை ஜீப்பில் படுக்கவைத்து இறக்கச் சொன்னார். அடிவாரத்தில் மணிமுத்தாறில் ஆம்புலன்ஸ் போய் நிற்கும். பிறகு அவர் வார்டுக்குப் போனார்.

தச்சநல்லூரில் இரண்டு வீடுகள் பெருமாள்ராஜுக்காகக் காத்திருந்தன. அவன் போன் செய்து நாளைக்கு வருவதாகச் சொன்னான். போக மனம் வரவில்லை.

"அண்ணாச்சி" என்றாள் லில்லி கொஞ்ச நேரம் கழித்து. "அந்தக் கோடு எப்படி இருந்திச்சு? பன்னெண்டு வருஷமா வாங்கி வாங்கிக் குடுக்கேன். ஒரு நாளும் யாரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

எப்படிச் சொல்வது? அவன் யோசித்தான். டாக்டர் மேசையில் விட்டுப்போன தாளை அதே மெஷினில் வைத்து ஒரு நகல் எடுத்தான். அன்றைய பேப்பரை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் நகலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோட்டின் மேலேயே அழுத்தி அழுத்தி இழுத்துக்கொண்டு போனான். தாளைத் திருப்பியதும் கோடு மறுபக்கத்தில் வரப்புபோல எழும்பி நின்றது. இடம் வலமாக மாறித்தான் இருந்தது. "இந்தாங்க" என்று அவள் விரலடியில் நகர்த்தினான்.

லில்லியின் விரல் முதல் மேட்டில் ஏறி இறங்கியது. நின்றது. அடுத்ததில் ஏறியது. விரல் மறுபடி மறுபடி அந்தத் தாளில் நடந்தது.

"இதுதானா?" என்றாள் கடைசியில், சன்னமாக. "இவ்வளவு பொடிசாவா படைச்சிருக்காரு, எல்லாத்தையும் இதுலயா வச்சிருக்காரு?"

பெருமாள்ராஜ் தலையை ஆட்டினான், பிறகு, அவளுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, "ஆமாக்கா" என்றான்.

ஆறு மணிக்கு மழை விட்டது. ஆறே காலுக்கு மணி அடித்தது. லில்லி எடுத்து, கேட்டு, சிரித்து, ரிசீவரை அவன் பக்கம் நீட்டினாள். "சந்தனம்தான், ஆம்புலன்ஸுக்குள்ள இருந்து பேசுதா. அவிய உங்ககிட்டப் பேசணுமாம்."

"ஏலே, யாருலே அது, அந்தக் கீச்சு மெஷினை ஒக்கிட்டுச் சரியாக்குனது?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"நான்தான் அண்ணாச்சி. பெருமாள்ராஜ். கெடுத்ததும் நான்தான்."

"நல்லா இருடே. இந்தப் பிள்ளைக எனக்கு ஒரு சோடா தரமாட்டேங்குதுக. நீயாவது சொல்லேன்."

பின்னால் சந்தனமாரி அதட்டுவது கேட்டது. பெருமாள்ராஜ் சிரிக்கப் போனவன், சிரிக்காமல் கேட்டான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அந்த மனிதர் மூச்சு வாங்கினார். உள்ளே போனது, வெளியே வந்தது. இருபது வருஷத்தில் பல்லாயிரம் தடவை 'ஹலோ, கேக்குதா' என்று சோதித்திருக்கிறான். ஒருவர் மூச்சையும் அவன் கேட்டதில்லை. ரிசீவரை வைக்க அவனுக்கு மனமே இல்லை.

வைத்த பிறகு, சட்டைப் பையிலிருந்து மத்தியானம் கையெழுத்து வாங்கிய சீட்டை எடுத்துக் கிழித்துப்போட்டான். புதுச் சீட்டு ஒன்றை மேசையில் விரித்தான்.

"யக்கா, இன்னொரு தரம் கேக்கேன். எனக்காக ஒண்ணும் பாக்கக் கூடாது. குரல் தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு அண்ணாச்சி. சத்தியமா." பேனாவை வாங்கப் போன கை பாதியில் நின்றது. "ஆனா…"

"சொல்லுங்க."

"மணிக்குள்ள இருக்கிற ரெண்டு கிண்ணத்துல ஒண்ணு மட்டும் லேசா சுருதி இறங்கி அடிக்கு. காலையிலேயே கேட்டுச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு…"

பெருமாள்ராஜ் கட்டிய பையை மறுபடி அவிழ்த்து, ஸ்க்ரூடிரைவரைத் தேடினான்.